கிண்ணத்தில் இல்லாத காரம்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கிண்ணத்தை எடுத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, அப்பாவைத் தவிர.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா லிப்ட் மெக்கானிக். ஒரு காலத்தில் நல்ல குடிகாரர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூத்த மகனின் கல்யாணத்தன்று, சபையே பார்த்துக்கொண்டிருக்க, தேவாலயப் படிக்கட்டில் போதையில் விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டார். மறுநாள் விட்டவர்தான், அப்புறம் தொடவே இல்லை. மாதம் ஒருமுறை ஆலயத்தில் ரொட்டியும் ஒயினும் பகிரும் திருவிருந்தில்கூட ரொட்டியோடு நிறுத்திக்கொள்வார். ஒயின் கிண்ணங்கள் அடுக்கிய தட்டு வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டு, கையை பேண்ட் பைக்குள் விட்டுக்கொள்வார். உலர்ந்த திராட்சையை ஊறப்போட்டு அந்த ஒயினைச் சபைக்குச் செய்து கொடுப்பவர் யார் என்றால், அம்மா. அவர் அதைக் குடிகாரர் வீட்டில் வைத்தே பதினாறு வருஷமாகச் செய்து வருகிறார். ஜாடிக்குப் பூட்டு உண்டு.

அப்படிப்பட்ட அப்பா, போன ஞாயிறு தட்டைத் தள்ளவில்லை. ஒரு கிண்ணத்தை எடுத்தார். ஒரே வாயில் குடித்தார்.

பக்கத்தில் இருந்த சின்ன மகள் இரண்டு விஷயங்களைக் கவனித்தாள். அப்பாவின் கண் கலங்கியிருந்தது. தன் கிண்ணத்தில் இருந்தது நாக்கில் சுருக்கென்று ஏறவில்லை. போன மாதமும் இப்படித்தான் இருந்தது, ஆனால் அப்போது சளி என்று நினைத்து விட்டுவிட்டாள்.

இவளுக்கு வீட்டில் ‘கேள்வி’ என்று பேர். மூன்று வயதில் வைத்த பட்டம், இருபத்தாறு வயதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆராதனை முடிந்ததும் கிண்ணங்களைக் கழுவுவது அன்றைக்கு இவள் முறை. மிஞ்சிய ஒயினைத் தொட்டியில் கொட்டக்கூடாது, ஆலயத் தோட்டத்தில் செடியடியில்தான் ஊற்ற வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். கேள்வி பாதியைச் செடிக்கு ஊற்றினாள். மீதியைச் சின்ன பாட்டில் ஒன்றில் ஊற்றி, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இன்று சனிக்கிழமை.

காலை ஏழு மணிக்கே அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு விசில் வேறு.

“என்னப்பா, லிப்ட் ரிப்பேருக்கு வெள்ளைச் சட்டையா?”

“வேலைக்கு இல்லம்மா. சாயந்தரம் ஆறு மணிக்கு எங்க பெரிய மெக்கானிக்குக் கம்பெனில வழியனுப்பு விருந்து.”

“நீங்கதான் விருந்துன்னா கையில சோடாவோட வாசல்லயே நின்னுட்டு வந்துருவீங்களே.”

“இன்னிக்கு உள்ள உக்காரப் போறேன். எல்லாரும் கிளாஸைத் தூக்கும்போது நானும் தூக்கப் போறேன். ஒண்ணே ஒண்ணு.”

சமையலறையில் குழாய் திறந்தபடியே ஓடியது. அம்மா பாத்திரத்தைத் தேய்க்காமல் நின்றுகொண்டிருந்தார்.

“அப்பா...”

“பயப்படாதே. ஞாயித்துக்கிழமை பார்த்துட்டேன்ல. முன்னெல்லாம் ஒரு வாய் உள்ள போனா மண்டைக்குள்ள ஒரு சத்தம் கேக்கும். இன்னும் குடு, இன்னும் குடுன்னு. அன்னிக்குக் காதைத் தீட்டிட்டு உக்காந்திருந்தேன். கேக்கவே இல்லை. எடுத்துட்டார்மா. என்கிட்டேருந்து அதை எடுத்துட்டார்.”

யார் எடுத்தார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பா கூரையைப் பார்த்துத்தான் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அவர் முகத்தை இவ்வளவு லேசாகக் கேள்வி பார்த்ததில்லை.

பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது அண்ணன் போனில் கூப்பிட்டான். அண்ணன் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவன். கல்யாணத்துக்கு அப்புறம் மனைவியோடு வேறு சபைக்குப் போய்விட்டான். அங்கே கிண்ணத்தில் வெறும் திராட்சைச் சாறுதான். அங்கே சேரும்போதே, கல்யாண வீட்டில்கூட ஒரு சொட்டு தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

“அவர் கிண்ணத்தை எடுத்தாராமே?”

“யாரு சொன்னா?”

“யாரு சொன்னா என்ன. எடுத்தாரா, இல்லையா?”

“திருவிருந்துல ஒரு வாய்ண்ணா. ரெண்டு ஸ்பூன்கூட இருக்காது.”

“பைபிள்ல பேழையைக் கட்டினவர் அவ்வளவு பெரிய வெள்ளத்தைத் தாண்டி வந்தாரு. வந்து திராட்சைத் தோட்டம் போட்டு, ஒயின் குடிச்சு, கூடாரத்துல துணியில்லாமக் கிடந்தாரு. அவருக்கே அந்தக் கதின்னா இவர் எம்மாத்திரம்?”

“ஆண்டவரே கல்யாண வீட்ல ஆறு ஜாடித் தண்ணியை ஒயினா மாத்திக் குடுத்திருக்காரேண்ணா.”

“அந்தக் கல்யாணத்துல மாப்பிள்ளையோட அப்பா படிக்கட்டுல விழலை.”

கேள்வி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“பாப்பாவை இந்த வாரம் அனுப்பலைன்னு அம்மாகிட்ட சொல்லிரு. அம்மாவை அவர்கிட்ட சொல்லச் சொல்லு.”

அவர்கள் குடும்பத்தில் தபால் இப்படித்தான் போகும். அப்பாவும் மகனும் ஒன்பது வருஷமாக நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அம்மா, அம்மாவுக்கு முடியாத நாளில் கேள்வி. பேத்தி சனிக்கிழமை தாத்தா வீட்டுக்கு வருவது மட்டும் எப்படியோ நடந்துகொண்டிருந்தது. இப்போது அதற்கும் வேட்டு.

கேள்விக்கு வினிகர் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆல்கஹால் புளித்துத்தான் வினிகராகிறது. ஆகவே எந்தத் திரவத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்று பார்ப்பது அவளுக்கு அன்றாட வேலை. அதற்கென்று ஒரு சின்னப் பித்தளைக் கருவி உண்டு. கீழே விளக்கு, மேலே வெப்பமானி. ஆல்கஹால் கலந்திருந்தால், தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு முன்னாலேயே அது கொதித்துவிடும். எவ்வளவு முன்னால் என்பதை வைத்து அளவைச் சொல்லிவிடலாம்.

வாரம் முழுக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. இன்று மேற்பார்வையாளர் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து, பாட்டிலைத் திறந்தாள். மோந்து பார்த்தாள். ஜாம் காய்ச்சும் வாசனை லேசாக இருந்தது. கருவியில் ஊற்றி விளக்கை ஏற்றினாள்.

தண்ணீர் எங்கே கொதிக்குமோ, சரியாக அங்கேதான் கொதித்தது.

கருவியைக் கழுவி மறுபடி பார்த்தாள். அதே இடம். கிண்ணத்தில் இருந்தது ஒயினே இல்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா விழவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு, பாப்பாவை அனுப்புண்ணா என்று சொல்லலாம். போனைக் கையில்கூட எடுத்துவிட்டாள். அப்போதுதான் காலையில் பார்த்த வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. போனைக் கீழே வைத்தாள். ஒயினைக் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில்தானே அப்பா இன்று நிஜமான கிளாஸைத் தூக்கப் போகிறார்?

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறையில் தனியாக இருந்தார்.

“அம்மா, இந்தத் தடவை ஒயின் சரியாப் பொங்கலையா?”

“நல்லாத்தான் பொங்குச்சு.”

“அப்ப ஏன் அதுல ஒண்ணுமே இல்லை?”

அம்மா திரும்பவில்லை. அடுப்பை அணைத்தார்.

“கொதிக்க வெச்சேன்” என்றார், உப்புப் போட்டேன் என்று சொல்வதுபோல. “அரை மணி நேரம். இருந்ததெல்லாம் ஆவியாப் போயிருச்சு. நிறம் மட்டும் நின்னுச்சு.”

“எப்பலேருந்து?”

“மூணு மாசமா.”

கேள்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு முழுச் சபைக்கே, யாருக்கும் தெரியாமல், மூன்று மாதமாகச் சாறு கொடுத்திருக்கிறார் இந்த அம்மா. பக்கத்து வீட்டுக்காரியிடம் கடன் வாங்கிய காபிப் பொடியை நிறுத்துத் திருப்பிக் கொடுக்கிற அதே அம்மா.

“சபைக்குப் புதுசா வந்த ஒரு அம்மா என்கிட்ட கேட்டாங்க. உங்க வீட்டுக்காரர் சபை குடுத்த தண்டனை எதுலயாவது இருக்காரா, கிண்ணத்தை எடுக்க மாட்டேங்கறாரேன்னு. உங்கப்பா எனக்குப் பின்னாலேயே நிக்கிறார். காதுல விழுந்துருச்சு. அன்னிக்கு அவர் சாப்பிடவே இல்லை. ரோஷத்துல என்னிக்காவது எடுத்துருவார்னு தோணுச்சு.”

“பாஸ்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“அவர் கமிட்டில வைப்பார். ஒயின்தான் வேணும்னு ஒரு கட்சி, சாறுதான் சரின்னு ஒரு கட்சி. நடுவுல உங்கப்பா தலையைப் போட்டு உருட்டுவாங்க.”

“அப்பாகிட்டயாவது?”

“சொன்னா அந்த நிமிஷமே போய்ப் பாஸ்டர்கிட்ட சொல்லிடுவார். ஒன்பது வருஷமா அவருக்குப் பொய்யே வர மாட்டேங்குது. அது ஒரு தொல்லை.” அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். “என்னிக்கு எடுக்கறாரோ அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். வந்தா, மேஜைல உக்காந்து குழந்தை மாதிரி அழறார், சந்தோஷத்துல. அந்த நேரத்துல எப்படிடி சொல்றது?”

“ஆறு மணிக்கு அங்க யாரும் சாறு ஊத்த மாட்டாங்கம்மா.”

“தெரியும். காலைலேருந்து மென்னு முழுங்கிட்டிருக்கேன். அவர் என்னை எத்தனையோ தரம் ஏமாத்தியிருக்கார். நான் அவரை ஏமாத்தினது இதுதான் முதல் தரம். சொல்ல வாய் வரலை.”

ஃப்ரிட்ஜ் கதவின் உள்பக்கத்தில், பாலுக்குப் பக்கத்தில், அடர் சிவப்பாக ஒரு பாட்டில் நின்றது. அடுத்த மாதத்துக்காக இப்போதே கொதிக்க வைத்து எடுத்து வைத்தது. கேள்வி அதைப் பார்த்துக் கதவைச் சாத்தினாள்.

அவள் நேராக அப்பாவிடம் போயிருக்க வேண்டும். ஆனால் கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை வந்தால் கால் வேறு பக்கம் திரும்பும். வழியில் ஆலயத்தில் நுழைந்தாள். போதகர் முக்காலியில் ஏறி, ஒலிபெருக்கியின் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“பாஸ்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்.”

“நீ பேச்சுக்குக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. கேளு.”

“கிண்ணத்துல ஒயினுக்குப் பதிலா வெறும் சாறு இருந்தா, அது திருவிருந்துதானா?”

போதகர் இறங்கி வந்தார். “நம்ம சபைல மூணு பதில் கிடைக்கும். ஆண்டவர் கையில எடுத்தது ஒயின், அதை மாத்த நீ யாருன்னு கேப்பாங்க. எத்தனை வீட்டைக் கெடுத்தது, அது ஆலயத்துக்குள்ளயே வரக்கூடாதும்பாங்க. இன்னும் சில பேர், குடிக்கிறது தப்பில்லை, போதையேறக் குடிக்கிறதுதான் தப்பும்பாங்க. எல்லார்கிட்டயும் பைபிள் வசனம் இருக்கு. அதான் கஷ்டம்.”

“நீங்க எந்தப் பக்கம்?”

“நான் வளர்ந்த வீட்ல சாப்பாட்டு மேஜைல ஒயின் இருந்துச்சு. யாரும் விழுந்ததில்லை. அதனால தப்பில்லைங்கற பக்கம். விழுந்த வீட்ல பொறந்திருந்தா வேற பக்கம் நின்னிருப்பேன். வசனமும் அதே வசனமாத்தான் இருந்திருக்கும்.” நாலாவது வரிசையில் அப்பா எப்போதும் உட்காரும் இடத்தைப் பார்த்தார். “ஆனா என்னால இன்னொருத்தர் தடுக்கி விழுவார்னா நான் விட்டுக்குடுக்கணும். அதுல எந்தக் கட்சிக்கும் சண்டை இல்லை. உங்கப்பா ஒன்பது வருஷமாத் தட்டைத் தள்ளினதை நான் இங்கேருந்து பார்த்திருக்கேன். உங்களுக்குத் தனியா ஒரு கிண்ணத்துல சாறு வைக்கட்டுமான்னு ஒருதரம்கூடக் கேக்கலை. மரியாதைன்னு நினைச்சேன். யோசிச்சா, அது சோம்பேறித்தனம்.”

கேள்வி தரையைப் பார்த்தாள்.

“சரி, செடிக்குப் போக வேண்டியது உன் பைக்குள்ள எதுக்குப் போச்சு?”

“பார்த்தீங்களா?”

“ஜன்னல் பெரிய ஜன்னல்.”

“பாஸ்டர், ஒருத்தர் குடிச்சது சாறு. ஆனா ஒயின்னு நம்பிட்டார். நம்பிட்டு, தனக்குக் குணமாயிருச்சுன்னு நினைச்சுட்டார்னா?”

 போதகர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “அவர் இப்ப எங்க?”

“கம்பெனில. ஆறு மணிக்கு விருந்து.”

“அப்ப நீ ஏன் இங்க நிக்கிறே? போம்மா. மத்ததை நாளைக்குப் பேசலாம். நானும் அவர்கிட்ட பேச வேண்டியிருக்கு.”

பாட்டிலின் அடியில் மிஞ்சியிருந்ததைச் செடிக்கு ஊற்றிவிட்டு கேள்வி ஓடினாள்.

அப்பாவின் கம்பெனி ஏழாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிப்டையே அன்று சோதிக்கும் வேலை. தரைத்தளத்தில் கதவு திறந்திருந்தது, எதிரில் ‘உபயோகிக்க வேண்டாம்’ என்று பலகை. கூண்டுக்குள் இரும்பு எடைக்கற்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. வெள்ளைச் சட்டை ஹாங்கரோடு கைப்பிடியில் தொங்கியது. அப்பா பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன கேள்வி, இந்தப் பக்கம்?”

சொல்ல வந்தது ஒன்று, வாயில் வேறு ஏதோ வந்தது. “இவ்வளவு இரும்பு எதுக்குப்பா?”

“பிரேக் சோதிக்கத்தான். காலிக் கூண்டுன்னா எந்த பிரேக்கும் நல்லாத்தான் பிடிக்கும். அதை நம்பி சர்டிபிகேட் எழுதினா, ஒருநாள் ஆளுங்களோட சேர்ந்து அடியில போய் நிக்கும். முழுச் சுமையும் ஏத்தி, அதுக்கு மேலயும் கால்வாசி ஏத்தித்தான் பார்க்கணும்.”

கேள்வி ஒரு எடைக்கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

“அப்பா, ஞாயித்துக்கிழமை கிண்ணத்துல ஒயின் இல்லை.”

“என்ன?”

“நான் மிஷின்ல வெச்சு ரெண்டு தரம் பார்த்தேன். அம்மா கொதிக்க வெச்சுட்டாங்க. மூணு மாசமா. நீங்க குடிச்சது வெறும் சாறு.”

அப்பா துணியை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார். அவளுக்கு எதிரில் இன்னொரு எடைக்கல்லில் உட்கார்ந்தார். மேலே எங்கோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“அப்ப நான் காலிக் கூண்டுல பிரேக் பார்த்திருக்கேன்” என்றார்.

கேள்விக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவின் சந்தோஷத்தைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டது போலிருந்தது.

“எதுக்கு அழறே? ஒரு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு.” தொங்கிய சட்டையைப் பார்த்தார். “அந்தச் சத்தம் கேக்கலைன்னு சொன்னேன்ல. காலைல இதுக்கு இஸ்திரி போட்டப்பவே கேட்டுச்சும்மா. ஒண்ணே ஒண்ணு, ஒண்ணே ஒண்ணுன்னு. நான் சந்தோஷம்னு நினைச்சுட்டேன்.”

“அம்மாமேல கோவமா?”

“இரு. மூணு மாசமான்னு சொன்னியே. நான் எடுத்தது இந்த மாசம்தானே?”

“ஆமா.”

“அப்ப ரெண்டு மாசம் நான் தள்ளிவிட்டதைப் பார்த்துட்டு, வீட்டுக்குப் போய், மூணாம் தரமும் கொதிக்க வெச்சிருக்கா.”

 மூக்கை அந்த எண்ணெய்த் துணியிலேயே துடைத்துக்கொண்டார், மூக்கு நுனி கறுப்பானது. மணி ஐந்தரை. படிக்கட்டிலிருந்து யாரோ, “ஆரம்பிக்கப் போறாங்க, வாங்க” என்று குரல் கொடுத்தார்கள். அப்பா போனை எடுத்தார்.

“நான்தான். கொதிக்க வெச்சது மிச்சம் ஏதாவது இருக்கா?”

மறுமுனையில் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“கேள்வி இங்கதான் இருக்கா. எல்லாம் சொல்லிட்டா. கோவத்தை நான் அப்புறம் படறேன், இப்ப நேரம் இல்லை. நீ அந்த பாட்டிலை எடுத்துட்டு ஒரு ஆட்டோ பிடிச்சு இங்க வா. நான் விழுந்து கிடந்த காலத்துல என்னை வேலையை விட்டுத் தூக்காத மனுஷன் இன்னிக்குப் போறார். அவருக்காக நானும் ஒரு கிளாஸ் தூக்கணும். நீ செஞ்சதைத் தூக்கறேன்.”

இரும்புக் கூண்டுக்குள் அம்மாவின் குரல் கேள்விக்கும் தெளிவாகக் கேட்டது.

“பாட்டில் என்கிட்ட இல்லைங்க.”

“பின்ன?”

“பெரியவன் பாப்பா துணியை எடுத்துட்டுப் போக வந்திருக்கான். தண்ணி எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தான். நீங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு பாட்டிலைக் கையில வெச்சுட்டு நிக்கிறான். நான் சொல்றது எதுவும் அவன் காதுல ஏறலை. உங்களைக் காப்பாத்தப் பொய் சொல்றேங்கறான். தொட்டில கொட்டப் போறான்.”

இந்த மாதிரி நேரத்தில் அப்பா, அவன்கிட்ட சொல்லு என்று ஆரம்பிப்பார். தபால்காரியாகவே வளர்ந்த கேள்வி, பழக்க தோஷத்தில் போனுக்குக் கை நீட்டினாள்.

அப்பா கொடுக்கவில்லை.

“போனை அவன்கிட்ட குடு” என்றார்.

“யார்கிட்ட?”

“என் மகன்கிட்ட.”

போன் கைமாறும் சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு மட்டும். அப்பா எழுந்து நின்றார். அவருடைய இன்னொரு கை பேண்ட் பைக்குள் போகப் பார்த்தது, போகவில்லை.

“நான்தான்டா” என்றார். “அதைக் கொட்டாதே. முதல்ல நீ ஒரு வாய் குடிச்சுப் பாரு.”